பிறர் கோப்பும் நமது ஒழுங்கும்

வரியிறுதியிலே கண்ணுக்குப் புலப்படாது கிடக்கும் வெற்றிடங்களை நீக்குவது குறித்தும் ஒரு கட்டுரை வேண்டுமா என வினவுவோர் இருப்பர். அவ்வினா நியாயமானதே. எனினும், செய்நிரலாக்கத்தில் ஈடுபட்டுவரும் எனக்கு மிகச் சிறிய வேலைகளே சில வேளைகளில் பெரிய வினாக்களை எழுப்பியுள்ளன. பிறர் ஆக்கிய ஒன்றைத் திருத்தி ஒழுங்குசெய்ய நமக்குள்ள உரிமை யாது, அதன் எல்லை யாது என்பன அத்தகைய வினாக்களாம்.

சி மொழியில் எழுதப்படும் செய்நிரல்கள் தமக்கு வேண்டிய நினைவகத்தைத் தாமே கேட்டுப் பெற்று, தாமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கொடுத்த பின்னரும் அவ்விடத்தை வாசித்தல், மதிப்பு இடப்படாத இடத்தை மதிப்புடையதாகக் கொள்ளல், பெற்றதைத் திருப்பிக் கொடாது விடுதல் முதலிய குறைகள் நெடுங்காலம் மறைந்திருந்து, எதிர்பாராத வேளையில் வெளிப்படும் இயல்பின. இவற்றைக் கண்டறியும் கருவிகளுள் வால்கிரின்ட் பெரிதும் அறியப்பட்டது. ஜூலியன் சீவார்ட் என்பவர் தொடங்கிய இக்கருவி 2002ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. நோர்ஸ் புராணங்களிலே வீரர் துறக்கமாகிய வல்ஹாலாவின் வாயிலுக்கு வழங்கும் பெயரே இதற்கு இடப்பட்டுள்ளது.

ஒரு செய்நிரல் இக்கருவியுடன் உரையாட விரும்பின், 'வால்கிரின்ட்.எச்' என்னும் தலைப்புக் கோப்பைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும். அவ்வுரையாடல் நிகழும் முறை வியப்புக்குரியது. இன்டெல் வகை 32 பிட் செயலிகளில், ஒரு பதிவகத்திலுள்ள எண்ணின் பிட்டுகள் 3, 13, 29, 19 என்னும் அளவுகளில் அடுத்தடுத்து இடப்புறம் சுழற்றப்படுகின்றன. இவற்றின் கூட்டுத்தொகை 64. அஃதாவது இரண்டு முழுச் சுற்றுகள். எனவே அவ்வெண் தொடங்கிய நிலைக்கே மீள்கின்றது. சாதாரணமாக இயங்கும்போது இதனால் விளைவது ஒன்றுமில்லை. வால்கிரின்டின் கீழ் இயங்கும்போதோ, அக்கருவி இச்சுழற்சியை ஓர் அடையாளமாக இனங்கண்டு, செய்நிரல் கூற விரும்புவதைக் கேட்டுக்கொள்கின்றது. பயனற்றவை போலத் தோன்றும் இக்கட்டளைகளை யாரேனும் 'ஒழுங்கு' கருதி நீக்கிவிடின், கோப்பின் நோக்கமே அழிந்துவிடும்.

நான் பங்குகொள்ளும் செய்நிரற் குழுவொன்று இக்கோப்பின் பிரதி ஒன்றைத் தன்னிடம் வைத்திருந்தது. அதில் வரியிறுதி வெற்றிடங்கள் பல இருந்தன. டாப் விசையால் இட்ட இடைவெளியும் இடைவெளி விசையால் இட்டதும் ஆங்காங்கே கலந்து கிடந்தன. குழுவிலுள்ள இளைய நண்பர் ஒருவர் இவையனைத்தையும் ஒரே கட்டளையால் சீர்செய்யலாம் என முன்மொழிந்தார். அவரது வாதம் வலிமையானது. எமது சரிபார்ப்புக் கருவி இவ்வொரு கோப்பைப் பற்றியே ஓயாது முறையிடுகின்றது, அம்முறையீடுகளின் நடுவே உண்மையான குறைகள் கவனிப்பாரற்றுப் போகின்றன, வெற்றிடமோ பொருளற்றது, பொருளற்றதை நீக்குவதால் யாருக்கு என்ன இழப்பு என அவர் வினவினார்.

வெற்றிடம் எப்போதும் பொருளற்றது என்னும் கூற்றை என்னால் ஏற்க இயலவில்லை. இக்கோப்பு பெரும்பாலும் மாக்ரோக்களால் ஆனது. பல வரிகளில் நீளும் மாக்ரோவில் ஒவ்வொரு வரியும் இடச்சாய்கோட்டில் முடிதல் வேண்டும். அக்கோட்டை அடுத்து உடனே வரி முடிந்தாலன்றி அடுத்த வரி அதனுடன் இணையாது என்பது சி மொழியின் விதி. கோட்டுக்குப் பின்னே ஒரேயொரு வெற்றிடம் நின்றால், ஜீ.சி.சி. தொகுப்பி எச்சரித்துவிட்டு அதனைப் பொறுத்துக்கொள்கின்றது. வேறு சில தொகுப்பிகள் அவ்வாறு பொறுப்பதில்லை. இதன் மறுதலையும் உண்டு. இரட்டைச் சாய்கோட்டால் தொடங்கும் குறிப்புரை ஒன்று இடச்சாய்கோட்டிலும் ஒரு வெற்றிடத்திலும் முடிகின்றதெனக் கொள்வோம். அவ்வெற்றிடத்தை நீக்கினால், விதியின்படி அடுத்த வரியும் குறிப்புரையாகி மறைந்துவிடும். ஆகவே, தூய்மை செய்வதே பொருளை மாற்றும் செயலாவதும் கூடும்.

இரண்டாவது தடை உரிமம் பற்றியது. வால்கிரின்டின் பெரும்பகுதி குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் அமைய, எவரும் தம் செய்நிரலிற் சேர்த்துக்கொள்ளும் பொருட்டு இத்தலைப்புக் கோப்பு பி.எஸ்.டி. வகை உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டுள்ளது. தாராளமான அவ்வுரிமமும் சில கடமைகளை விதிக்கின்றது. மாற்றப்பட்ட பிரதி மாற்றப்பட்டதெனத் தெளிவாகக் குறிக்கப்படல் வேண்டும். அதனை மூலமெனக் காட்டலாகாது. வெற்றிடத்தை மட்டும் மாற்றிய பிரதிக்கு இது பொருந்தாது எனச் சொல்ல உரிமத்தில் இடமில்லை.

மூன்றாவது வரலாறு பற்றியது. கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகள் ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யாவர் எனக் காட்டவல்லன. வெற்றிடத்தை நீக்கியவரின் பெயர் அவ்வரியில் ஏறியவுடன், அதனைச் சிந்தித்து எழுதியவரின் பெயர் பின்னே மறைந்துவிடுகின்றது. ஒரு வரி ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என ஆராய்பவருக்கு இது பெருந்தடை. நாம் குறிப்பிடும் மாற்றப் பதிவுகளைக் கணக்கிலெடாது வரலாற்றைக் காட்டும் வசதி 2019இல் வெளிவந்த கிட் 2.23ஆம் பதிப்பிலேயே சேர்க்கப்பட்டது.

பிறர் ஆக்கத்தைத் திருத்துவதன் அபாயத்தை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று இத்துறையின் வரலாற்றிலேயே உண்டு. நினைவகச் சோதனைக் கருவிகள், மதிப்பு இடப்படாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாக ஓப்பன் எஸ்.எஸ்.எல். நூலகம் பற்றி எச்சரித்தன. அவ்வெச்சரிக்கையைப் போக்கும் பொருட்டு 2006இல் டெபியன் பிரதியில் ஒரே தோற்றமுடைய இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை இழப்பதால் தீங்கில்லை. மற்றையதோ எழுந்தமான எண்களுக்கு ஊற்றாக இருந்த வரி. அதன் விளைவாக, இரகசியத் திறவுகோல்களை வேறுபடுத்துவதற்குச் செயன்முறை எண் மட்டுமே எஞ்சிற்று. அதற்கோ 32,768 மதிப்புகளே உண்டு. 2008 மே மாதம் இக்குறை வெளிப்படுத்தப்படும்வரை அப்பிரதியில் உருவான திறவுகோல்கள் எளிதில் ஊகிக்கக்கூடியனவாக இருந்தன. அவ்வரிகளை நீக்கியவர் அலட்சியமாக நடந்தவரல்லர். ஆக்கியோரிடம் முன்னரே வினவியவர். ஆயினும், மூலத்துக்கும் பிரதிக்கும் இடையே தோன்றிய வேறுபாடு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படவில்லை.

வெற்றிடத்தை நீக்குவது அத்துணைக் கொடிய விளைவைத் தரும் என நான் கூறவில்லை. இரண்டு செயல்களுக்கும் அடிப்படையான மனப்பாங்கு ஒன்றே என்பதுதான் என் கருத்து. கருவி முறையிடுகின்றது; முறையீட்டை நிறுத்த விரும்புகின்றோம்; முறையீடு நின்றதும் குறை தீர்ந்ததென நம்பிவிடுகின்றோம்.

இளைய நண்பருடன் நெடுநேரம் விவாதித்த பின்னர் நாம் ஒரு முடிவுக்கு வந்தோம். அவர் சொன்னதில் இருந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஓயாத இரைச்சலும் ஒரு தீங்கே. வரியிறுதி வெற்றிடங்கள் மட்டும் நீக்கப்பட்டன. வரிகளின் உள்ளே கிடந்த கலப்பு இடைவெளிகளை நாம் தொடவில்லை. அம்மாற்றம் வேறெந்த மாற்றத்துடனும் கலவாது தனியே பதிவுசெய்யப்பட்டது. முன்னும் பின்னும் தொகுத்துப் பெற்ற இயந்திரக் கோப்புகள் பைட்டுக்குப் பைட் ஒப்பிடப்பட்டு, ஒன்றாயிருத்தல் உறுதிசெய்யப்பட்டது. கோப்பின் தலையில், இது மாற்றப்பட்ட பிரதி என்னும் குறிப்பு சேர்க்கப்பட்டது. அதே திருத்தத்தை மூல ஆக்கியோருக்கும் அனுப்பிவைத்தோம். அவர்கள் அதனை ஏற்பதும் விடுவதும் அவர்தம் விருப்பம்.

ஒரு கட்டளையால் ஒரு நொடியில் முடிந்திருக்கக்கூடிய வேலை ஒரு பிற்பகல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அது வீண்செலவெனச் சிலர் கருதலாம். நம் கையில் உள்ள ஆக்கங்களுட் பெரும்பகுதி நாம் காணாத மனிதரால் ஆக்கப்பட்டது. நமக்குப் பின் நாம் காணாத மனிதரால் வாசிக்கப்படவிருப்பது. இடையில் நிற்கும் நாம் எதனைத் தொட்டோம், எதனைத் தொடவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிச் செல்வது அவ்விரு சாராருக்கும் நாம் செய்யும் குறைந்தபட்சக் கடமை என்பதே என் துணிபு.