நீருள் ஒலித்த அச்சம்

கண்ணுக்குப் புலப்படாத பகையைச் செவிக்குக் காட்டுதல் அரிது. உல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கத்தில் 1981-இல் திரைப்படமாகவும், 1985-இல் செருமானியத் தொலைக்காட்சியில் தொடராகவும் வெளிவந்த ‘தாஸ் போட்’ அவ்வருஞ்செயலை ஆற்றியது. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலுள் பதுங்கும் நீர்மூழ்கிக் கப்பலே அதன் களம். அக்கலத்திற்குச் சாளரம் ஏது? மேலே பிரித்தானிய நாசகாரிக் கப்பலின் சுழல்விசிறி ஓசை நெருங்குகிறது; தேடும் ஒலியலை கலத்தின் மேனியில் கணீரெனப் படுகிறது. மாலுமிகள் மூச்சடக்கி மேல்நோக்குகின்றனர். ஆழம் மிக மிக, நீரின் அழுத்தத்தால் இரும்பு முனகுகிறது. மரையாணி ஒன்று துப்பாக்கிக் குண்டெனத் தெறிக்கிறது. அதனினும் கொடியது, இடையே நிலவும் அமைதி! அதனையும் அளந்து வைத்தவர் ஒலிக்கலைஞரே அன்றோ? ஆஸ்கார் விருதுக்காக அப்படம் பெற்ற 6 பரிந்துரைகளுள் 2 ஒலிக்கே உரியவை.