கூட்டலா, கழித்தலா?

தொண்ணூறுகளில் கணினி பழுது பார்க்கப் போகிறவன் சட்டைப் பையில் ஒரு இடுக்கி இருக்கும். அட்டையில் ஜம்பரைப் பிடுங்கி, ஐஆர்க்யூ எண்ணை, அதாவது அந்தச் சாதனம் செயலியைக் கூப்பிடும் கம்பியின் எண்ணை, நாமே வைக்க வேண்டிய காலம். இருந்ததே 15 எண்கள். கீபோர்டுக்கு 1, சீரியல் போர்ட்டுகளுக்கு 3, 4, பிரின்டருக்கு 7 என்று பாதி போய்விடும். "எது எங்கே இருக்குன்னு முதல்ல எழுதுடா" என்பார் என் மூத்தவர். இடுக்கி கையில் இருக்கிற வயதில் பென்சிலை யார் எடுப்பார்கள்!

பிசிஐ வந்ததும் ஜம்பர் போயிற்று. ஆனால் ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பங்கு போட வேண்டியிருந்தது. ஒண்டுக்குடித்தனத்துக்கு ஒரே வாசல் மணி மாதிரி, மணி அடித்தால் அந்தக் கம்பியில் இருக்கிற ஒவ்வொரு டிரைவரும் எழுந்து "நம்ம வீட்டுக்கா?" என்று பார்க்க வேண்டும். 1998இல் பிசிஐ 2.2 கொண்டுவந்த எம்எஸ்ஐ முறையில் கம்பியே இல்லை. சாதனம் குறிப்பிட்ட முகவரியில் ஒரு செய்தி எழுதும். ஒரு சாதனத்துக்கு 32 செய்திகள் வரை. பின்னால் வந்த எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை.

நான் ஓய்வு பெறும் சமயம், ஒரு சர்வரில் யுஎஸ்பி வட்டுக்குக் காப்புப் பிரதி எடுக்கும்போதெல்லாம் நெட்வொர்க் திணறியது. நெட்வொர்க் கார்டையே மாற்றிவிடலாம் என்றான் உடன் வேலை பார்த்த பையன்.

"எம்எஸ்ஐ-எக்ஸ் இருக்கு சார், டப்பாவிலேயே போட்டிருக்கு."

"இருக்கு தம்பி. ஓடுதா?"

லினக்ஸில் இதைக் கேட்பது சுலபம். ப்ராக் அடைவில் இன்டரப்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்தால் சாதனத்துக்கு நேரே எம்எஸ்ஐ என்றோ, பழைய கம்பி முறையானால் ஐஓ-ஏபிஐசி என்றோ எழுதியிருக்கும். அவன் கார்டு ஐஓ-ஏபிஐசி வரிசையில், யுஎஸ்பியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ரூட் உரிமையோடு எல்எஸ்பிசிஐ கட்டளையை விரிவாக ஓட்டினோம். எம்எஸ்ஐ-எக்ஸ் வசதி இருக்கிறது. 'எனேபிள்' பக்கத்தில் கழித்தல் குறி. கூட்டல் குறி இருந்தால்தான் அது புழக்கத்தில் இருப்பதாக அர்த்தம்.

குற்றம் கார்டிலும் இல்லை, டிரைவரிலும் இல்லை. பழைய மதர்போர்டில் ஏதோ தகராறுக்காக பூட் வரியில் யாரோ சேர்த்த, எம்எஸ்ஐயை அணைக்கும் 'நோஎம்எஸ்ஐ', வட்டோடு புது இயந்திரத்துக்கும் குடிவந்திருந்தது. பையன் அதை எடுத்துவிட்டு, நான் சொல்லாமலே பழைய வரியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். எனக்கு அதில்தான் சந்தோஷம்.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. டிவைஸ் மேனேஜரில் ஐஆர்க்யூ எண் கழித்தல் குறியோடு தெரிந்தால், அங்கே அந்தச் சாதனம் எம்எஸ்ஐ முறையில் ஓடுகிறது என்றே பொருள். பிழை என்று நினைத்து டிரைவரை அழித்துவிடாதீர்கள்.