குப்பையில் போட்டு எடுத்த பிள்ளை

சிவகாசியிலிருந்து எம். புதுப்பட்டிக்கு காலை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். பட்டாசு ஆபீஸுக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். (தீப்பெட்டி, பட்டாசு தயாரிக்கும் இடத்துக்கு இந்தப் பக்கத்தில் 'ஆபீஸ்' என்றுதான் பெயர்.) அந்தக் கூட்டத்தில் "ஏ மாரி!" என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்புவார்கள். மாரீஸ்வரி, முத்துமாரி, மாரியம்மாள், மாரிக்கனி. சாத்தூர் பக்கம் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் இருக்கும்போது வேறு எப்படிப் பெயர் வைப்பார்கள்? ஆண்களில் கருப்பசாமிக்கும் முனியசாமிக்கும் குறைவில்லை.

நான் போனதும் ஒரு பெயர் வைக்கிற விசேஷத்துக்குத்தான். அத்தையின் கொள்ளுப் பேத்திக்கு முப்பதாம் நாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே வாக்குவாதம். குழந்தையின் அப்பா செல்போனில் மூன்று பெயர் எழுதி வைத்திருந்தான். மூன்றிலும் 'ஷ' இருந்தது. எண் கணிதம் பார்த்தானாம். அவனுடைய அம்மா, "குலசாமி பேரு வை, இல்லேன்னா அப்பத்தா பேரு வை" என்றார். நியாயம்தானே? பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி. அதுதான் பேரன், பேத்தி ஆனது.

சிக்கல் என்னவென்றால், அத்தையின் பெயர் குப்பம்மாள்.

"ஸ்கூல்ல கிண்டல் பண்ண மாட்டாங்களா?" என்றான் பேரன். அத்தையே, "வேண்டாம்யா. என் பேரு என்னோட போகட்டும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அத்தைக்கு அந்தப் பெயர் வந்த கதை எனக்குத் தெரியும். அவருக்கு முன்னால் மூன்று குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டுக்காரி எடுத்துவந்து, "குப்பையில கிடந்துச்சு, வளர்த்துக்கோ" என்று பெற்றவளிடமே கொடுத்தாளாம். குப்பையில் கிடந்ததை எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்க இருக்கிற குப்புசாமிகளில் பலருக்கு இப்படி ஒரு கதை இருக்கும். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று வாங்கி 'தவிடு' என்று கூப்பிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்றார்கள். மடியேந்தி வாங்கிய பிள்ளை பிச்சை ஆனது.

அந்த நேரம் நைஜீரியாவிலிருந்து சித்தி மகன் வீடியோ காலில் வந்தான். வட பகுதியில் கானோ நகரத்தில் வேலை பார்க்கிறான். நடக்கிற சண்டையைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "இங்க ஹவுசாக்காரங்ககிட்ட இதே பேரு இருக்கு. அஜூஜின்னு சொல்வாங்க. ஜூஜின்னா குப்பைமேடு. முன்னாடி பிறந்ததெல்லாம் தங்கலேன்னா அடுத்த பிள்ளைக்கு இந்தப் பேரு" என்றான்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எந்த ஊர், எந்தக் கடல் தாண்டி! அத்தை அடுப்படி வாசலுக்கு வந்து நின்று, "அங்கயுமா?" என்றார்.

அவன் அடுக்கிக்கொண்டே போனான். ஹவுசாக்களுக்கு ஏழாம் நாள் பெயர் வைக்கும் விசேஷம். முறையான பெயர் இஸ்லாமியப் பெயராக இருக்கும், கூப்பிடுவதற்கு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை பிறந்த பையன் தன்லாடி, வெள்ளிக்கிழமை பிறந்த பெண் ஜும்மை. பெண் பிள்ளைகளாகப் பிறந்து பிறகு வந்த பையன் தன்கோ. இரட்டைக்கு அடுத்துப் பிறந்தது கம்போ. மனைவி கணவன் பெயரைச் சொல்லாத வழக்கமும் உண்டாம். அது மட்டும் இங்கே என்ன வாழ்கிறது!

வீட்டில் ஒரு பெயர், வெளியில் ஒரு பெயர் என்பதும் நமக்குப் புதிதில்லை. 1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்த குழந்தைக்குக் குலதெய்வத்தின் பெயரான காமாட்சி என்றுதான் வைத்தார்கள். அம்மா 'ராசா' என்று கொஞ்சினார். இரண்டும் சேர்ந்து காமராஜ். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார், பிள்ளைகளுக்கு மனிதர் பெயர் வேண்டாம், நாராயணன் பெயரை வையுங்கள் என்று ஒரு பத்துப் பாசுரமே பாடியிருக்கிறார். ஆக, இந்த வட்டாரத்தில் பெயர்ச் சண்டைக்கு ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

எனக்குக் கேட்கக் கூசுகிற பெயர் குப்பம்மாள் அல்ல, போதும்பொண்ணு. காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்ததாவது ஆணாக இருக்கட்டும் என்று அந்தக் குழந்தையின் தலையில் எழுதிய விண்ணப்பம் அது. 'வேண்டாம்' என்றே பெயர் வைத்த ஊர்களும் உண்டு. மகாராஷ்டிராவின் சாதாரா மாவட்டத்தில் 'நகுஷி', அதாவது வேண்டாதவள் என்று பெயரிடப்பட்ட 280-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு 2011-ல் விழா எடுத்துப் புதுப் பெயர் கொடுத்தார்கள். குப்பம்மாள் அப்படியா? எப்படியாவது இவள் தங்க வேண்டும் என்று ஒரு தாய் தவித்து வைத்த பெயர்.

இதைப் பேரனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். கடைசியில் 'ஷ' பெயர்தான் ஜெயித்தது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி மோதிரத்தால் எழுதினார்கள். அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று தடவை சொன்னார். நடுவில் திணறினார். "அது என்னய்யா, ஷாவா, சாவா?" என்று கேட்டதும் வீடே சிரித்தது.

மறுநாள் விடியற்காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். பேரன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தொட்டில் ஆடுகிற சத்தம்.

"என் குப்பு... எந்திரிச்சிட்டியா தாயி?"

அவன் காதில் விழாததுபோல் வாய் கொப்பளித்தான்.