அரைக் கட்டை குறைச்சுக் குடுங்கோ

ஜேர்மனியில் எங்கட ஆட்களின் விழாக்களுக்குக் கிட்டார் வாசிக்கிறவனுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இங்குள்ள ரொக் குழு ஒன்றில் இருப்பவர் ஒரேயொரு நல்ல சத்தத்தோடு இரவு முழுவதையும் ஓட்டிவிடலாம். எங்களுக்கு அது சரிவராது. ஏழு மணிக்குப் பக்திப் பாட்டு, சாப்பாட்டு நேரம் எண்பதுகளின் இளையராஜா, கேக் வெட்டின பிறகு ரஹ்மான், பத்து மணிக்குப் பெடியள் கேட்கிற அனிருத், கடைசியில் பைலா. பைலா இல்லாமல் ஒரு கலியாணத்தை முடித்துப் பாருங்கள், மாமாமார் மேடையை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

நான் டோட்முண்டில் மென்பொருள் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் ஆறு பேர் கொண்ட ஒரு குழுவில் கிட்டார். ஹம், எசன், வூப்பெற்றால் என்று மண்டபம் மண்டபமாகப் போகிறோம். ஆனால் அழைப்புகள் குறைகின்றன. டிஜே என்றால் ஒருவர், ஒரு கணினி, விலையும் குறைவு. "பாண்ட் எண்டா ஒரே இரைச்சல், ஆயத்தப்படுத்தவே ஒரு மணித்தியாலம்" என்று என் வயதுப் பெற்றோரே சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்த இரண்டு குறைக்கும் பெரும்பங்கு பொறுப்பு பாடகர்களோ டிரம்ஸோ இல்லை, கிட்டார்காரரின் ஆம்ப்தான் என்பது என் கணிப்பு.

ஏன் என்று சொல்கிறேன். வால்வ் ஆம்ப் என்பது பழைய வானொலிப் பெட்டி மாதிரி, உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடாகி எரியும். அதன் அழகான சத்தம், குழாய்களைக் கொஞ்சம் திணறவிடும்போதுதான் வரும். 50 வாட் ஆம்ப் ஒன்றைத் திணறவிட்டால் அதற்கு நேரே உள்ள மேசையில் ஒருவரும் பேசமுடியாது. என் அப்பா இருபது வருசத்துக்கு மேல் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர், காது பாதிதான் கேட்கும். அவருக்கு எந்தக் கச்சேரிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: "பாட்டுக்காரன்ர சொல்லு விளங்கேல்லையெண்டா நான் எழும்பிப் போடுவன்." காது கேட்காதவருக்குச் சத்தத்தைக் கூட்டவேண்டும் என்று நாம் நினைப்போம். உண்மையில் அவர்களுக்குத் தேவை தெளிவு. கிட்டார், பாடுபவரின் குரல் நிற்கும் அதே சுருதிப் பரப்பில்தான் நிற்கிறது. கிட்டார் கத்தினால் சொல் அழியும்.

இதற்கு விடை எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பிறந்தது. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் இருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் ரெக்லிங்ஹவுசன் வந்துவிடும். அங்கே கிறிஸ்டோஃப் கெம்பர் என்பவர், முன்பு வைரஸ் என்ற சிந்தசைசரை உருவாக்கியவர், 2011இல் கெம்பர் புரொஃபைலர் என்ற பெட்டியை அறிமுகப்படுத்தினார். நல்ல வால்வ் ஆம்ப் ஒன்றுக்குள் அது விதம்விதமான சோதனைச் சத்தங்களை அனுப்பும். ஆம்பிற்கு முன் மைக் ஒன்று நிற்கும். போனது என்ன, வந்தது என்ன என்று ஒப்பிட்டு, அந்த ஆம்பின் குணத்தைப் பதிந்து வைத்துக்கொள்ளும். 2019இல் காலால் மிதிக்கும் 'ஸ்டேஜ்' வடிவமும் வந்தது. மேடையில் ஸ்பீக்கரே வேண்டாம், ஒரு வயர் நேரே மிக்ஸருக்குப் போகும். கிட்டாரின் அளவு மண்டபத்துச் சத்தக்காரரின் கையில். நான் பத்து நிமிசத்தில் தயார்.

இதைத்தான் வாங்கவேண்டும் என்றில்லை, விலை ஆயிரம் யூரோவைத் தாண்டும். ஸ்பீக்கரைப் போலச் சத்தம் தரும் வசதியும் மிக்ஸருக்கான வாயும் உள்ள எந்த மல்ட்டி எஃபெக்டும் போதும். வால்வைக் கைவிட மனம் வராதவர்களுக்கு, ஸார்லாந்தின் ஹியூஸ் அண்ட் கெட்னர் நிறுவனம் அதே வாயைச் சில வால்வ் ஆம்புகளுக்குள்ளேயே வைத்துச் செய்கிறது.

பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான சத்தம் இருக்கும். எனக்கு வேண்டியது நாலு. சுத்தமான சத்தம், கொஞ்சம் கோரஸ் சேர்த்து: எண்பதுகளுக்கு. லேசாகக் கரகரக்கும் சத்தம்: தொண்ணூறுகளின் தாளக் கட்டைக்கு. நீண்டு அழும் லீட். நாலாவது பைலாவுக்கு: கோரஸ் இல்லை, எதிரொலி மிகக் குறைவு, உச்சத்தொனி பளிச்சென்று. பைலா போர்த்துக்கீசர் விட்டுப்போன ஆட்டம், பெயரே அவர்கள் மொழியில் ஆடுவது என்ற சொல்லில் இருந்து வந்தது. ஆறு தட்டில் ஓடும் அந்தத் தாளத்தில் கிட்டாரின் வேலை கிட்டத்தட்ட மேளத்தின் வேலை. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யில் எதிரொலியைக் கூட்டி வாசித்தால் ஒரு தட்டின் வால் அடுத்த தட்டில் ஏறி, ஆடுகிறவர்களின் கால் தடுமாறும்.

'இளைய நிலா'வை இந்த நாலிலும் சேர்க்கமாட்டேன். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக்காக அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். எந்தப் பெட்டியாலும் அந்த விரல்களைப் பதிந்து தரமுடியாது. குறைந்தபட்சம் மரக் கிட்டாராவது வேண்டும். அதற்குத் தனி டி.ஐ. பொக்ஸ், மிக்ஸரில் தனி வழி. ஊளைச் சத்தம் வந்தால் கிட்டாரின் ஓட்டையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள்.

இந்தச் சத்தங்களை வீட்டில் பிள்ளை நித்திரையான பிறகு மெல்லிசாக வைத்துச் சரிப்பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிறிய சத்தத்தில் மனிதக் காதுக்கு அடித்தொனியும் உச்சத்தொனியும் குறைவாகவே கேட்கும். அதை ஈடுகட்ட இரண்டையும் கூட்டுவோம். மண்டபத்தில் அதே அமைப்பு அடியில் உறுமும், மேலே குத்தும். கடைசிச் சரிப்பார்ப்பு மேடைச் சத்தத்தில்தான் நடக்கவேண்டும். மிருதங்கமோ டோலக்கோ இருந்தால் கிட்டாரின் அடித்தொனியைத் தயங்காமல் வெட்டுங்கள். அந்த இடம் அவர்களுடையது.

இனிக் கட்டை. எங்கட பாடகி அக்கா மேடையில் ஏறினபிறகுதான் திரும்பிப் பார்த்து, "தம்பி, அரைக் கட்டை குறைச்சுக் குடுங்கோ, இண்டைக்குத் தொண்டை சரியில்லை" என்பா. ஐந்தரைக் கட்டை ஐந்தாகும், ஜேர்மன் மிக்ஸர்காரருக்கு ஜி ஷார்ப் ஜி ஆகும். கூட்டிக் கேட்டால் கேப்போ போதும். குறைக்கக் கேப்போவால் முடியாது. அதற்குப் பெட்டியில் உள்ள டிரான்ஸ்போஸ் வசதியை ஒரு தனி மிதியில் வைத்திருக்கிறேன். நான் கொடுத்த காசில் பாதி அந்த ஒரு மிதிக்கே தகும்.

லீட் சத்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேணும். எங்கட பாட்டில் கமகம் உண்டு. ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போய் அசைந்து நிற்கவேண்டும். கம்பியின் ஒலி அதற்குள் செத்துவிட்டால் அசைக்க ஒன்றும் மிஞ்சாது. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைக் கம்பிகளை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகளுள்ள மின் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். மின்சாரம் அங்கே சத்தம் கூட்ட மட்டும் வரவில்லை, ஒலியை நீட்டித் தந்தது. அதனால் நான் லீடுக்கு ரொக்காரர் அளவுக்குக் கரகரப்பு வைப்பதில்லை. முன்னால் ஒரு கம்ப்ரஸர் வைத்தால், கரகரப்பில்லாமலே ஒலி நீளும். என் அப்பாவின் காதும் அதைத் தாங்குகிறது.

பெற்றோருக்குக் கட்டாயம் சொல்லவேண்டியது இரண்டு. டின் 15905-5 என்ற ஜேர்மன் தரநிலை, பார்வையாளர் இருக்கும் இடத்தில் 30 நிமிசச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அதற்குக் கீழே 95 டெசிபல் அளவிலேயே காதுப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும். எங்கட மண்டபங்களில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று ஆடுவது யார்? ஐந்து வயதுப் பிள்ளையள். டிஜே என்றாலும் பாண்ட் என்றாலும் அவர்களுக்குக் காது மூடி கொண்டுபோங்கள். மற்றது, இரைச்சல் நிற்க வேண்டுமென்று பிளக்கின் எர்த் தொடுப்பில் டேப் ஒட்டுகிறவர்களை மேடைகளில் கண்டிருக்கிறேன். உயிர் போகும். டி.ஐ. பொக்ஸில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சின்ன ஆழி இருக்கும், இரைச்சலுக்கு அதுதான் மருந்து.

மகளுக்குப் பத்து வயது. நகர இசைப்பள்ளியில் கிட்டார் பழகுகிறாள், வீட்டில் அனிருத் வாசிக்கிறாள். இப்படிப் பிள்ளை உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே பெரிய ஆம்ப் வாங்கவேண்டாம். பழைய மல்ட்டி எஃபெக்ட் ஒன்று, நல்ல ஹெட்ஃபோன் ஒன்று. பிறகு அதே பெட்டியை மேடைக்கும் கொண்டுபோகலாம். பக்கத்து வீட்டுக்காரரும் இரவு பத்துக்குப் பிறகு கதவைத் தட்டமாட்டார்.

அடுத்த மாதம் வூப்பெற்றாலில் ஒரு சாமத்திய வீடு. இருபத்தாறு பாட்டு, ஏழு பைலா. பைலா மிதியை மிதிக்கும் வேலையை மகள் தனக்கென்று கேட்டு வாங்கிவிட்டாள். எந்தப் பாட்டில் மிதிக்கவேண்டும் என்று பட்டியலில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, குசினிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள்.