நயினாதீவுக் கல்லும் கடலடிக் கப்பல்களும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து மேற்கே செல்லும் பாதையின் இரு மருங்கிலும், ஆழமற்ற நீரில் இறங்கி நின்று வலை வீசுவோரைக் காணலாம். அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களைத் தாண்டிக் குறிகட்டுவான் துறையை அடைந்ததும் தரைவழி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து நயினாதீவுக்கு இயந்திரப் படகிற் செல்ல அரைமணி நேரமும் ஆகாது. நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரமே ஒரு யுகமாகத் தோன்றும்.

மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவுக்கு ஆண்டுதோறும் பலர் செல்வது, கடலின் மேற்பரப்பைக் காண்பதற்கன்று. இரண்டாம் உலகப் போரில் அங்கே மூழ்கிய கப்பல்களையும் வீழ்ந்த விமானங்களையும், முதுகிலே காற்றுக்கலம் தாங்கிக் கீழிறங்கிக் காண்பதற்காகவே செல்கின்றனர். 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோ என்பாரும் அவர் துணைவரும் செம்மைப்படுத்திய சுவாசக் கருவி, அதுவரை சிலருக்கே திறந்திருந்த அவ்வுலகத்தைப் பலருக்கும் திறந்துவிட்டது. நம் தீவுகளைச் சூழ்ந்த கடலிலும் கப்பல்கள் உடைந்ததுண்டு. அதற்குச் சான்று கடலடியில் அன்று, கரையிலே, ஒரு கல்லில் இருக்கிறது.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள தமிழ்க் கல்வெட்டைத்தான் கூறுகின்றேன். 1153 முதல் 1186 வரை பொலனறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதனை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். முற்பகுதி சிதைந்திருப்பினும் செய்தி தெளிவானது. பிறநாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால், நாலிலொரு பங்கு அரச பண்டாரத்திற்கு; மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தாலோ, செம்பாதி பண்டாரத்திற்கு. மற்றப் பாதி உடையவனுக்கு.

சிங்கள மன்னன் ஒருவன், கடல் வணிகர் அறியத் தமிழிலே பொறித்த சட்டம் இது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. பிற்காலத்தில் யானைகள் கப்பலேறிய துறையாதலின், போர்த்துக்கேயர் அதனை யானைத்துறை என்றே தம் மொழியில் வழங்கினர்.

பாதியை அரசன் எடுத்துக்கொள்வதும் ஒரு நீதியா என்று வாசகர் வினவலாம். அக்கால வழக்கத்தை நோக்கினால் இதன் அருமை விளங்கும். ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டளவில் நாட்டிய தூண், முன்னை அரசர் புயலில் அகப்பட்டுக் கரையொதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் பறித்துக்கொண்டனர் என்று கூறுகிறது. அவ்வழக்கத்தை ஒழித்து அவன் அபயம் அளித்தான். அவனுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, நமது சிறு தீவிலுள்ள கல், எல்லாம் இழந்து கரை சேர்ந்த வணிகனையும் பொருளுக்கு உடையவன் என மதித்தது.

அவ்வணிகர் எங்கிருந்தெல்லாம் வந்தனர்? வழியிலே நாம் கடந்த அல்லைப்பிட்டியில் 1977இல் ஜான் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் சீனத்துச் சொங் வமிசக் காலத்து மட்பாண்டங்களைக் கண்டெடுத்தார். 2018இல் சீனாவின் ஷாங்காய் அரும்பொருளகத்தாரும் இலங்கை ஆய்வாளரும் அங்கே அகழ்ந்தனர். பேருந்துச் சன்னலூடே பனங்கூடல்களாக மட்டும் தோன்றிய அவ்வூரை, திரும்பும் வழியில் வேறு கண்கொண்டு நோக்கினேன்.

குறிகட்டுவானில் படகுக்காகக் காத்திருந்தபோது, இளமையில் சங்கு குளித்த முதியவர் ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். மூச்சை அடக்கிச் சுழியோடிய காலமும், காற்றுக்கலங்கள் வந்த காலமும் இரண்டும் கண்டவர் அவர்.

"கடலுக்கடியிலை உடைஞ்ச கப்பல் கண்டிருக்கிறியளோ, ஐயா?" என்றேன்.

"வலை சிக்கிற இடங்கள் இருக்குது, தம்பி. பாரோ, பழைய கலமோ ஆர் கண்டது? கண்டாலும் எடுக்கிறது பெரிசில்லை. ஆற்றை பொருள் எண்டு தெரியவேணுமெல்லோ!" என்றார் அவர்.

எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு முற்பட்ட கல்லின் கேள்வியும் இதுவேயன்றோ! மூழ்கிய கப்பல்களை வெட்டிப் பழைய இரும்பாக விற்றவர்கள் இக்கேள்வியைக் கேட்டதில்லை. மட்டக்களப்புக்கு அப்பால், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலே கிடக்கிறது. அன்று அக்கப்பலைச் சேர்ந்த முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே இறங்குபவர் ஒரு மயானத்துள் நுழைகின்றனர். தென்கரையிலுள்ள கொடவாயவில் மீனவர் கண்டறிந்த கலமோ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது; அதன் ஒரு மட்பாண்டம் இடம் மாறினாலும் வரலாற்றில் ஒரு வரி அழிந்துபோகும்.

நூறாண்டுக்குக் குறையாது நீரடியிற் கிடக்கும் மரபுச் செல்வங்களை இயன்றவரை கிடந்த இடத்திலேயே காத்தல் முதற்கடன் என்று 2001இல் யுனெஸ்கோ உடன்படிக்கை வகுத்தது. பராக்கிரமபாகு பங்கிட்டான், இன்றைய அறிஞர் பங்கிடாதே என்கின்றனர். ஆயினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: கடல் விழுங்கியது என்பதனால் ஒரு பொருள் கண்டவன் பொருளாகிவிடாது.

நயினாதீவு செல்லும் அன்பர்கள் அம்மனை வழிபட்டபின், அந்தக் கல்லையும் ஒருமுறை தேடிப் பார்த்து வருவார்களாக. மாலைப் படகிலே திரும்புகையில், படகின் கீழே நீலமும் பச்சையுமாய்த் தெரியும் நீர் அவர்களுக்கு வெறும் நீராகத் தோன்றாது.