உப்புக்காத்தும் முன்பிரேக்கும்

லீவுக்கு பாலாவிக்கு வந்து என்ட மவுன்டன் பைக்கின் முன்சில்லைக் கையால் சுத்தினேன். அரைச்சுற்றில் நின்றுவிட்டது. நான் கெம்பஸில் இருந்த மூன்று மாசமும் வாப்பா அதில்தான் உப்பளத்துக்குப் போய்வந்திருக்கிறார். "கொஞ்சம் இறுக்கம்தான் மகன், மிதிச்சா போகுது" என்றார்.

எங்கட ஊரில் காத்திலேயே உப்பு. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் லீவரை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல். பிஸ்டனில் உப்பும் தூசும் படிந்தால் சீலால் இழுக்க ஏலாது. பேட் டிஸ்கோடு உரசிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயிலை எடுத்துவிட்டேன். நல்லவேளை, லீவரில் 'மினரல் ஒயில்' என்றிருந்தது. மாறி ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். சில்லையும் பேட்டையும் கழற்றி, பிஸ்டன் வெளியே விழாதபடி லீவரை மெதுவாக அமத்தி, துடைத்து, ஒரு சொட்டு மினரல் ஒயில் தடவி, பிளாஸ்டிக் டயர் லீவரால் உள்ளே தள்ளினேன். நாலைந்து தரம். மிச்ச ஒயிலைத் துடைத்துவிட்டுத்தான் பேட்டைப் போட்டேன். சில்லு சுத்திச்சு.

"முன்னமே சொல்லியிருக்கலாமே வாப்பா?"

"படிக்கிற புள்ளட தலைக்குள்ள இதையும் ஏன் போட?"

இப்ப கிழமைக்கொருக்கா கோல் எடுத்தால் பிரேக்கைத்தான் முதலில் விசாரிக்கிறேன். பிறகுதான் அவர் முழங்கால் வலியையும் சொல்கிறார்.