தகரக் குரல்

கம்ப்யூட்டருக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்க எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. நாவலின் கதாநாயகிக்குப் பெயர் வைக்கக்கூட நான் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை.

"எதிர் வீட்டுப் பையன் செல்போனில் இரண்டு தட்டுத் தட்டினான். மறுநாள் சாமான் வாசலில் வந்து நின்றது. நீங்கள் என்னவோ பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி அலைகிறீர்களே!" என்றாள் என் சகதர்மிணி.

அவள் சொன்னது வாஸ்தவந்தான். ஆனால் எதிர் வீட்டுப் பையனுக்கு என் அக்காவைப் போல ஓர் அக்கா கிடையாது.

அக்காவுக்கு இப்போது எழுபத்தேழு வயது. கண்புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்து, பதினைந்து நாள் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு. ஆபரேஷன் ஆனதும் கொஞ்ச நாள் கண்ணை அலட்டிக்கொள்ளாமல் இருக்கட்டும், டெலிவிஷனும் புத்தகமும் வேண்டாம் என்று வீட்டில் எல்லோருமாக முடிவு செய்திருந்தோம். மிஞ்சியிருப்பது காது ஒன்றுதான். அந்தக் காதுக்கு நான் முப்பத்தொன்பது வருஷமாக ஒரு கடன் பாக்கி வைத்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் அக்கா பாடுவாள். சிறு வயதில் ஏழு வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டவள். கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக்கு வந்தால், சாயங்கால வேளையில் கூடத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒரு ராகத்தை எடுத்துவிடுவாள். 1986-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் வந்திருந்தபோது, அவ்வருஷ நவராத்திரிக்குக் கோயிலில் ஒரு நாள் பாடவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. மேடை ஏறிப் பாட அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் அந்த மாதந்தான் புதிதாக ஒரு டேப் ரிகார்டர் வாங்கியிருந்தேன். கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்ன யந்திரம். முகப்பில் ஒரே ஒரு ஸ்பீக்கர், இட்டிலித் தட்டின் ஒரு குழி அளவுதான் இருக்கும். அதைப்பற்றி எனக்கு இருந்த கர்வத்துக்கு அளவே கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் அத்தை தம்பூரா மீட்ட, அக்கா அரை மணி நேரம் தோடி பாடினாள். நான் பதிவு செய்தேன். பிறகு, கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்துக்கொண்டு அதைப் போட்டேன்.

அக்கா இரண்டு நிமிஷம் கேட்டாள். "இதுவா என் குரல்? தகரத்தைச் சுரண்டற மாதிரி இருக்கேடா!" என்றாள்.

"மெஷின் பொய் சொல்லாது, அக்கா" என்றேன் நான், என் யந்திரத்தை விட்டுக் கொடுக்க மனமில்லாமல்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். மறுநாள் கோயிலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள், தன்னால் முடியாது என்று. அதற்கப்புறம் அவள் தூணில் சாய்ந்து பாடி நான் கேட்டதில்லை.

அவரவர் குரல் அவரவருக்கு இரண்டு வழியாகக் கேட்கிறது. ஒன்று காற்று வழி. மற்றொன்று, தொண்டையின் அதிர்வு மண்டையோட்டு எலும்பின் வழியாகவே உள்காதுக்குப் போய்ச் சேர்வது. இந்த எலும்பு வழியாக வருகிற ஒலியில் கனமான கீழ் ஸ்வர அம்சம் அதிகம். பதிவு செய்த குரலில் அந்தப் பங்கு கிடையாது. ஆகவே எப்பேர்ப்பட்ட சங்கீத வித்துவானுக்கும் தன் குரலை முதன்முதலாக வெளியே கேட்கும்போது அது மெலிந்து போனதாகத்தான் படும். மெலிந்து வந்த அந்தக் குரலை என் இட்டிலிக் குழி ஸ்பீக்கர் இன்னும் ஒரு பங்கு உறிஞ்சிவிட்டது. இதெல்லாம் தெரியாமல், மெஷின் பொய் சொல்லாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

போன வருஷம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது அந்தக் காசெட் அகப்பட்டது. அக்காவின் பிள்ளை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி எனக்கும் ஒரு பிரதி அனுப்பினான். செல்போனில் அவன் அதைப் போட்டுக் காட்டியபோது, "அந்தத் தகரத்தை நிறுத்துடா!" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். என் மேஜைமேல் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் செல்போனைவிட அதிக யோக்கியமானவை அல்ல. அதனால்தான் இந்த அலைச்சல்.

மவுண்ட் ரோடை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவை அறியாத சென்னைவாசி இருக்க முடியாது. மெட்ரோ ரயிலில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், மின்சாரச் சாமான்களின் சமுத்திரத்துக்குள் கால் வைத்துவிடலாம். பையில் ஆறாயிரம் ரூபாயும், சட்டைப்பையில் அக்காவின் தோடி அடங்கிய பென் டிரைவுமாக நான் அதற்குள் இறங்கினேன்.

முதல் கடைக்காரர் பெட்டியைக் காட்டினார். ஆயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று நாலு எழுத்து. அந்தப் பெட்டி மின்சாரம் எடுத்துக்கொள்வதோ கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையிலிருந்து. சாதாரண யு.எஸ்.பி. 2.0 துளை ஐந்து வோல்ட்டில் அரை ஆம்பியர் கொடுக்கும். பெருக்கினால் இரண்டரை வாட். இரண்டரை உள்ளே போய் ஆயிரம் வெளியே வருமானால், தமிழ்நாட்டு மின்வாரியத்தின் கஷ்டமெல்லாம் அன்றே தீர்ந்துவிடும்! இந்தப் பி.எம்.பி.ஓ.வை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை என்று ஒன்று இல்லை. கேட்டுப் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் எத்தனை என்பதை. அதிலும் பேராசை வேண்டாம். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து கேட்கிறவனுக்கு இரண்டு மூன்று வாட்டே தாராளம். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட் சுமார் பத்து மடங்காக வேண்டும். பத்து வாட்டுக்கும் இருபது வாட்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது வீண்.

இரண்டாவது கடையில் ஒரு வாலிபன் இருந்தான். நல்ல பையன். "சார், பெரிய ஊஃபர் செட் பாருங்க. நெஞ்சு அதிரும்" என்றான்.

"நெஞ்சு அதிரும்படியான வயசு எனக்குத் தாண்டிவிட்டதப்பா. இதைக் கொஞ்சம் போடு" என்று பென் டிரைவை நீட்டினேன்.

அவன் வைத்திருந்த குத்துப்பாட்டை நிறுத்திவிட்டுத் தோடியைப் போட்டான். தம்பூரா ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அக்கா கிணற்றங்கரையில் நின்று தனியாகப் பாடினாள். இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. இந்த ரகத்தில் கூட வருகிற இரண்டு குட்டிப் பெட்டிகள் கீழ் ஸ்தாயிக்கு இறங்க முடியாதவை. தரையில் இருக்கும் பெரிய பெட்டியோ மேலே ஏறி வரத் தயங்குவது. மனிதக் குரலின் சதைப்பற்றெல்லாம் அந்த இடுக்கில் விழுந்து காணாமல் போய்விடுகிறது. விலை உயர்ந்த ஊஃபர் செட்டுகளில் இந்தக் குறை இல்லாமல் இருக்கலாம். கைக்கு அடக்கமான பணத்தில் வாங்குகிறவன், அதே பணத்தை மூன்று பெட்டிக்குப் பங்கிடாமல் இரண்டு பெட்டிக்குக் கொடுப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்பீக்கர் என்கிற வஸ்து அப்படி ஒன்றும் மந்திரம் இல்லை. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் எழுதி வெளியிட்ட அமைப்புத்தான் இன்றைக்கும்: ஒரு கூம்பு, அதன் கழுத்தில் ஒரு கம்பிச் சுருள், அதைச் சூழ்ந்து ஒரு காந்தம். கூம்பு காற்றைத் தள்ளுகிறது. கீழ் ஸ்வரத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பு எவ்வளவுதான் தள்ளும், பாவம்!

அக்காவுக்கு ஐந்து கட்டை சுருதி. அவளுடைய சட்ஜம் ஏறத்தாழ 196 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தர சட்ஜம் அதில் பாதி, 98. சின்ன ஸ்பீக்கரில் 98 வரவே வராது. ஆனாலும் தம்பூரா கேட்கிறதே, எப்படி? இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வளைந்த குதிரையும், தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலும் சேர்ந்து தம்பூராவில் மேல் ஸ்வரங்களை எப்படிக் கொத்துக் கொத்தாக எழுப்புகின்றன என்று சர் சி.வி. ராமன் 1921-இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். அந்த மேல் ஸ்வரங்கள் மட்டும் வந்தால் போதும், வராத அடி ஸ்வரத்தை நம் மூளையே கற்பித்துக்கொள்ளும். மளிகைக் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொண்டு சாமான் கொடுப்பது போல. கொஞ்ச நேரம் கொடுக்கும். அரை மணி கேட்டால் களைத்துவிடும். மலிவு ஸ்பீக்கரில் அதிக நேரம் கேட்டால் காரணம் தெரியாமல் அலுப்புத் தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அட்டைப் பெட்டியில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று எல்லோருந்தான் போடுகிறார்கள். மனிதக் காதின் எல்லையே அவ்வளவுதான் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள் போலும். அந்த இருபதில் சத்தம் எவ்வளவு குறைந்து ஒலிக்கும் என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இப்படியே எட்டு நாள். ஒன்பதாம் நாள் ஒரு மாடிக் கடையில், வயதான முதலாளி ஒருவர் இரண்டு ஜோடிகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் போட்டுக் காட்டினார். முதல் ஜோடி பிரமாதமாகப் பட்டது. அவர் சிரித்துக்கொண்டே மற்றதன் சத்தத்தை ஒரு திருகு ஏற்றினார். உடனே அதுவே மேலானதாகி விட்டது! "ரெண்டையும் சமமா வெச்சுட்டுக் கேளுங்க, ஐயா" என்றார். சற்று உரக்கப் பாடுவதே நன்றாகப் பாடுவதாகத் தோன்றுகிற இந்தப் பிசகு சபா ரசிகர்களுக்கும் உண்டு. சமமாக வைத்துக் கேட்டேன். மரப்பெட்டி, மூன்று அங்குலக் கூம்பு, மேலே உச்ச ஸ்வரங்களுக்கென்று தனியாக ஒரு குட்டி ஸ்பீக்கர், சுவரில் நேராகச் செருகும் மின்சார வயர். கீழே எண்பது ஹெர்ட்ஸ் வரை என்று அடக்கமாகப் போட்டிருந்தது. அந்த அடக்கமே எனக்குப் பிடித்திருந்தது. அதில் அக்கா கிணற்றங்கரையை விட்டுக் கூடத்துக்கு வந்தாள். ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து வைத்தால், அழுகை வராத குறை. தம்பூரா குமுகுமு என்று கொதிக்கிற உலை மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். விஷயம் என்னவென்றால், பெட்டியின் முதுகில் காற்றுப் போக ஒரு துவாரம் இருக்கிறது. நான் அதைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருந்தேன். சுவர் கீழ் ஸ்வரத்தை வாங்கி இரட்டிப்பாக்கித் திருப்பித் தந்துகொண்டிருந்தது. இரண்டு சாண் முன்னால் இழுத்ததும் கொதி அடங்கியது. அப்புறம் உயரம். மேஜைப் பலகையிலேயே வைத்தால் ஒலி பலகையில் பட்டுத் தெறித்துக் கலங்குகிறது. உச்ச ஸ்வரம் நம் மார்பைப் பார்த்துப் பாடுகிறது. காது மட்டத்துக்குத் தூக்க வேண்டும். அலமாரியில் என் நாவல் ஒன்றின் பிரதிகள் விலை போகாமல் பன்னிரண்டு இருந்தன. பக்கத்துக்கு நாலாக அடுக்கினேன். அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. என் இலக்கியத்துக்கு இப்படியொரு உறுதியான ஆதாரம் கிடைக்கும் என்று எந்த விமரிசகரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, அவற்றிலிருந்து அவ்வளவே தூரத்தில் நாற்காலியைப் போட்டு, பெட்டிகளை அதை நோக்கிச் சற்றே திருப்பி வைத்தேன்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் மத்தியானம். அக்கா கறுப்புக் கண்ணாடி அணிந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சொல்லாமல், சன்னமாக வைத்துப் போட்டேன். பாட்டுக்கு முன்னால் முக்கால் நிமிஷம் வெறும் தம்பூரா.

"இது நம்மாத்துத் தம்பூரா மாதிரின்னா இருக்கு? அத்தைதான் பஞ்சமத்தை இப்படி அழுத்தி மீட்டுவா" என்றாள்.

நான் பேசவில்லை. குரல் எழுந்தது. நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போடாமல் கிடந்த அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். உள்ளேயிருந்து என் மனைவி காபி டம்ளரோடு வந்து, கதவருகிலேயே நின்றுவிட்டாள். அரை மணியும் ஓடிற்று. முடிவில் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம். பிறகு நாடாவின் இரைச்சல் மட்டும்.

"அந்த ரெண்டாவது தடவை மேலே போறபோது, காந்தாரம் இன்னும் கொஞ்சம் அசைஞ்சிருக்கணும்" என்றாள் அக்கா.

"அக்கா, அன்னிக்கு நான் மெஷின் பொய் சொல்லாதுன்னு..."

"சொன்னே. ஞாபகமிருக்கு."

அதற்குமேல் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காபியை வாங்கிக் குடித்தாள். "இன்னொரு தரம் போடு. சத்தத்தை ஏத்தாதே" என்றாள்.

இரண்டாவது தடவை பாதியில் கையை நீட்டிப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். விரல்கள் அப்படியே கீழே இறங்கி அடுக்கின் விளிம்பில் நின்றன.

"இது என்னடா அடியிலே?"

"நான் எழுதின புஸ்தகம், அக்கா."

ஒன்றை லேசாக நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை.

"கனமாத்தான் இருக்கு" என்றாள்.